பழைய கவுண்டி வரலாற்றுப் படக்கட்டை: வாங்கினேன், அச்சடித்தும் பார்த்தேன்

முதலில் மார்க்கைச் சொல்லிவிடுகிறேன். கட்டைக்கு, அதாவது பழைய புத்தகத்தில் படம் அச்சடிக்கச் செதுக்கிய மரக்கட்டைக்கு, ஐந்துக்கு நாலரை. அதை விற்றவருக்கு இரண்டு. அச்சடித்துக் கொடுத்த பட்டறைக்கு முழு ஐந்து. அப்புறம், அந்தக் காலத்துப் புத்தகங்களின் மறுபதிப்பு என்று ஆன்லைனில் ஒன்று விற்கிறார்களே, அதற்கு ஒரு மார்க் போடவும் மனம் வரவில்லை. ஏன் என்று கீழே விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரிப் பொருளைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, இங்கிலாந்தில் இருக்கிற நம்மவர்கள் சிலர் பழம்பொருள் கடைகளில் இதைப் பார்த்துவிட்டு என்ன ஏது என்று தெரியாமல் கீழே வைத்துவிட்டு வந்ததாகவும் சொன்னார்கள்.

நான் நியூகாசிலில் ஏழு வருடமாக இருக்கிறேன். அப்பா கும்பகோணத்தில் ஒரு அச்சகத்தில் முப்பது வருடம் எழுத்துக் கோக்கும் கம்போசிட்டராக இருந்தவர். பள்ளிக்கூடம் விட்டு நேராக அங்கேதான் போவேன். கல்யாணப் பத்திரிகை மேலே வருகிற பிள்ளையார் பிளாக்கை, அதாவது படம் அடிக்கிற கட்டையை, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பெட்டியில் அடுக்கி வைப்பது என் வேலை. அதனால் டைன் ஆற்றங்கரைப் பக்கம் ஒரு பழம்பொருள் கடையில், பித்தளைக் குமிழ்களுக்கும் உடைந்த கடிகாரங்களுக்கும் நடுவில் கறுத்துப்போன ஒரு சின்ன மரக்கட்டையைப் பார்த்ததுமே இது பிளாக் என்று கை சொல்லிவிட்டது. எடுத்துத் திருப்பினேன். ஒரு சதுரக் கோபுரம், பக்கத்தில் ஒரு மரம், பின்னால் தூரத்தில் ஒரு ஆலயம், கோல் ஊன்றி நிற்கும் ஒரு ஆள், காலடியில் ஒரு நாய். நூலில் கட்டிய சீட்டில் ‘நார்த்தம்பர்லேண்ட் கவுண்டி வரலாற்றுக்கான படக்கட்டை’ என்று எழுதியிருந்தது. விலை 65 பவுண்டு. பேரம் பேசி 58க்கு வாங்கினேன்.

கவுண்டி வரலாறு என்றால் என்ன என்று ஒரு வார்த்தை. கவுண்டி என்பது நம்ம ஊர் ஜில்லா மாதிரி. அந்த ஜில்லாவில் எந்தக் கிராமம் யார் கையில் இருந்தது, எந்தக் கோயிலில் எந்தக் கல்லறையில் என்ன பொறித்திருக்கிறது, எந்தக் குடும்பம் யாருக்குப் பெண் கொடுத்தது என்று ஊர் ஊராக எழுதி வைப்பது இங்கே ஒரு பெரிய மரபு. பக்கத்து டர்ஹாம் கவுண்டிக்கு ராபர்ட் சர்டீஸ் என்பவர் எழுதியது நான்கு தொகுதி. முதலாவது 1816இல் வந்தது, கடைசித் தொகுதி 1840இல் வந்தபோது அவர் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. தூக்கவே இரண்டு கை வேண்டும், பணக்காரச் சந்தாதாரர்களுக்கென்று போட்டது. அதில் வருகிற பெரிய படங்கள் செப்புத்தகட்டில் செதுக்கியவை.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. செப்புத்தகட்டில் கோடு பள்ளமாக இருக்கும், மை அந்தப் பள்ளத்துக்குள் நிற்கும், ஈரக் காகிதத்தை வைத்து உருளை அழுத்தத்தில் உறிஞ்சி எடுக்க வேண்டும். அச்சு எழுத்தோ மேடாக இருக்கும், மேட்டில்தான் மை ஏறும். ஆக இரண்டையும் ஒரே மெஷினில் சேர்த்து அடிக்க முடியாது. படம் தனித் தாள், எழுத்து தனித் தாள், பிறகு பைண்டர் சேர்த்துத் தைக்க வேண்டும், செலவும் இரட்டிப்பு. மரக்கட்டை அப்படியில்லை. அதுவும் எழுத்து மாதிரியே மேட்டில் மை ஏறுவது. எழுத்தின் உயரத்துக்கே, அதாவது 0.918 அங்குலத்துக்கு, கட்டையை இழைத்துவிட்டால் எழுத்தோடு சேர்த்து ஒரே சட்டத்தில் பூட்டி ஒரே இழுப்பில் அடித்துவிடலாம். கோபுரத்தைப் பற்றி எழுதிய பத்திக்குக் கீழேயே கோபுரம் வந்து உட்காரும். கறிக்கடைக்காரரும் பள்ளி வாத்தியாரும் வாங்கக்கூடிய விலையில் ஊர் வரலாறு படத்தோடு வந்ததற்குக் காரணம் இந்த ஒரு அளவுதான் என்பேன். நியூகாசில் புத்தகக் கடைக்காரர் எம். ஏ. ரிச்சர்ட்சன் 1841 முதல் 1846 வரை எட்டுத் தொகுதியாகக் கொண்டுவந்த ‘லோக்கல் ஹிஸ்டாரியன்ஸ் டேபிள் புக்’ அப்படி வந்ததுதான். நியூகாசில், நார்த்தம்பர்லேண்ட், டர்ஹாம் மூன்றையும் கவுண்டி என்றே அதன் தலைப்பு சொல்லும், ஏனென்றால் நியூகாசில் நகரம் 1400ஆம் ஆண்டிலிருந்தே அப்போது தனிக் கவுண்டியாக இருந்தது. பக்கத்தைத் திருப்பினால் எழுத்துக்கு நடுவே படம் வரும். உதிரித் தொகுதி ஒன்று 18 பவுண்டுக்கு என்னிடம் இருக்கிறது, முதுகு பிய்ந்தது, ஆனால் உள்ளே மை இன்னும் கரிக்கட்டை மாதிரிக் கறுப்பு.

சரி, கட்டைக்கு வருகிறேன். 9 சென்டிமீட்டர் அகலம், 7 உயரம், 130 கிராம் எடை. அந்த அளவுக்கு இவ்வளவு கனமா என்று முதலில் தோன்றும். பாக்ஸ்வுட் என்கிற மரம் அது. மெதுவாக வளரும், நெருக்கமான இழை, தண்ணீரில் போட்டால் மிதக்குமா மூழ்குமா என்கிற அளவுக்குக் கனம். அதைவிட முக்கியம், அதை அறுத்த விதம். சாதாரணப் பலகை நெடுக்காக அறுத்தது, கத்தியை எதிர்த் திசையில் இழுத்தால் சிம்பு எழும்பும். இது அடிமரத்தைக் குறுக்காக அறுத்த வில்லை. என் கட்டையின் ஓரத்தில் சாய்த்துப் பார்த்தால் ஆண்டு வளையம் மெல்லிய வளைவாகத் தெரிகிறது. குறுக்கு முகத்தில் உளி எந்தப் பக்கம் போனாலும் மரம் ஒரே மாதிரி வழிவிடும், தலைமுடி அளவுக் கோட்டைக்கூட இழுக்கலாம். அடிமரம் பருக்காது என்பதால் பெரிய படம் வேண்டுமென்றால் துண்டுகளைச் சேர்க்க வேண்டியதுதான்; நியூகாசில் செயின்ட் நிக்கலஸ் ஆலயத்தை சார்ல்டன் நெஸ்பிட் என்ற செதுக்குவேலைக்காரர் செதுக்கியபோது 12 துண்டு பாக்ஸ்வுட்டை ஒட்டி இரும்புத் தகட்டின் மேல் பொருத்தினாராம். என்னுடையது ஒரே துண்டு.

இந்த வேலையை இந்த ஊரில் ஒரு கலையாக நிறுத்தியவர் தாமஸ் பியூயிக். 1753இல் டைன் ஆற்றோரத்தில் செரிபர்ன் என்ற பண்ணை வீட்டில் பிறந்தார், 1767இல் நியூகாசிலில் ரால்ஃப் பெயில்பி என்ற செதுக்குவேலைக்காரரிடம் தொழில் பழகச் சேர்ந்தார், செப்புத்தகட்டுக்காரர்கள் பிடிக்கிற அந்தச் சின்னக் கூர் உளியை மரத்தின் குறுக்கு முகத்தில் வைத்துத் தள்ளினார். அவர் முறையில் உளி எடுத்த இடம் அச்சில் வெள்ளையாக வரும், விட்ட இடம் கறுப்பு. சாணம் தெளித்த வாசலில் வெள்ளை மாவு இழுக்கிற கை இருக்கிறதே, அதே புத்திதான். இருட்டில் ஆரம்பித்து வெளிச்சத்தைக் கோடு கோடாக இழுப்பது. பேனாவால் வெள்ளைத் தாளில் வரைகிறவருக்கு வராத ஒரு கணக்கு அது.

என் கட்டையில் அந்த நாயைப் பாருங்கள். நான் பத்து மடங்கு லென்ஸ் வைத்து எண்ணினேன். முதுகுக்கு நான்கு வெட்டு, காதுக்கு ஒன்று, வாலுக்கு ஒன்று. மொத்தம் ஆறு. அவ்வளவில் அது குளிரில் நிற்கிற நாய் என்று தெரிகிறது, வாலைக் காலுக்கிடையில் வைத்திருக்கிறது. கோபுரத்தின் கல் ஒவ்வொன்றுக்கும் மேல் விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு, அதனால் வெயில் மேலிருந்து வருகிறது. விரல் நுனியை மெதுவாக ஓட்டினால் இன்னொன்று தெரியும்: பின்னால் இருக்கிற ஆலயமும் மரமும் உள்ள இடம் மயிரிழை தாழ்ந்திருக்கிறது. செதுக்கும் முன்பே அந்த இடத்தை லேசாகச் சுரண்டித் தாழ்த்திவிடுவார்கள், அச்சில் அழுத்தம் குறையும், தூரத்துப் பொருள் மங்கலாக வரும். பியூயிக் பட்டறையில் இது வழக்கமான உத்தி. கண்ணால் பார்த்தால் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும்.

இனி விற்றவர்மேல் என் குறை. ஒன்று, படம் நன்றாகத் தெரியட்டும் என்று கோடுகளில் வெள்ளை டால்கம் பவுடரைத் தேய்த்து நிரப்பியிருந்தார். பார்க்க அழகுதான், ஆனால் அந்தத் தூள் மெல்லிய வெட்டுக்குள் இறுகிவிடும், அதன் மேல் மை உருட்டினால் சேறு. இரண்டு, பக்கவாட்டில் பளபளப்புக்காக வார்னிஷ் பூசியிருந்தார். நல்லவேளை, முகத்தில் இல்லை. மூன்றாவதுதான் கோபம். சீட்டின் பின்பக்கம் ‘பியூயிக் செதுக்கியது, 1840கள்’ என்று எழுதியிருந்தது. பியூயிக் இறந்தது 1828 நவம்பரில். பழைய கட்டைகளை அச்சகங்கள் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியது உண்மைதான், ஆனால் செத்தவர் பன்னிரண்டு வருடம் கழித்து எப்படிச் செதுக்குவார்? வட இங்கிலாந்தில் கிடைக்கிற ஒவ்வொரு சின்னக் கட்டைக்கும் அந்தப் பெயரை ஒட்டி விலை ஏற்றுகிறார்கள். அவருடைய சொந்தக் கட்டைகள் பல 1940களில் சிகாகோ புத்தக வியாபாரி ஒருவர் வழியாக அமெரிக்காவில் விற்றுப் பரவின, சிகாகோவின் நியூபெரி நூலகத்தில் அந்தக் கட்டைகளில் ஒரு தொகுப்பு இருக்கிறது. அப்படி வரலாறு உள்ள பொருளுக்கும் என் கட்டைக்கும் வித்தியாசம் உண்டு. அவரிடம் தொழில் கற்றவர்கள், அந்தச் சீடர்களிடம் கற்றவர்கள் என்று ஒரு படையே இந்தப் பக்கம் வேலை செய்தது. ஹார்ட்டில்பூல் ஊர் வரலாற்றுக்குப் படம் செதுக்கிய ஐசக் நிக்கல்சன் அவருடைய சீடர்தான். பெயர் தெரியாத கைகள் செய்த வேலை என்றே சொல்லி விற்றிருந்தால் நான் அதே 58 பவுண்டைச் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன்.

கட்டை வாங்கிய வாரமே நியூகாசிலிலிருந்து கார்லைல் பாதை ரயிலைப் பிடித்து கார்பிரிட்ஜ் போனேன். வைலம், பிரட்டோ, ஸ்டாக்ஸ்ஃபீல்ட் என்று ஆற்றை ஒட்டியே போகும் பாதை, செரிபர்ன் பண்ணையும் அந்த வழியில்தான். கட்டையில் இருக்கும் கோபுரம் கார்பிரிட்ஜ் ஆலய வளாகத்து மூலையில் இருக்கிற விகார்ஸ் பீல். ஸ்காட்லாந்து எல்லைக் கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து பாதிரியார் குடியிருந்த கோட்டை வீடு, 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம், பக்கத்தில் புதைந்து கிடந்த ரோமானியப் பட்டணத்துக் கல்லைப் பெயர்த்துக் கட்டியது. அதன் எதிரே நின்று கட்டையை உயர்த்திப் பிடித்தேன். ஒட்டவில்லை. இடம் வலமாக இருக்கிறது! கண்ணாடியில் பார்ப்பது போல. தெரிந்த விஷயம்தான், அச்சில் திரும்பிவிடும் என்று பிள்ளையார் பிளாக்கிலேயே தெரியும், தும்பிக்கை எந்தப் பக்கம் என்று அப்பா என்னைக் கேட்டுச் சோதிப்பார். ஆனால் ஒரு ஊரையே, கல் கல்லாக, இடம் வலம் மாற்றி ஒரு ஆள் மரத்தில் செதுக்கியிருக்கிறார் என்பது அந்தச் சுவருக்கு எதிரில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. கோல் ஊன்றிய ஆள் கட்டையில் இடக்கையால் ஊன்றியிருக்கிறான். ஃபோனில் படம் எடுத்துத் திருப்பிப் போட்டேன், வலக்கைக்கு வந்துவிட்டான், கோபுரமும் எதிரே இருந்த கோபுரத்தோடு பொருந்திவிட்டது.

அச்சடிக்கக் கொடுத்தது இரண்டு பேர் நடத்தும் சின்ன லெட்டர்பிரஸ் பட்டறை, மேட்டில் மை ஏற்றி அடிக்கிற அந்தப் பழைய முறைதான். ஆல்பியன் கைப்பிரஸ் ஒன்று வைத்திருக்கிறார்கள். 20 பிரதிக்கு 60 பவுண்டு வாங்கினார்கள், கட்டையைச் சுத்தம் செய்ததையும் சேர்த்து. தண்ணீர் தொடவே இல்லை. மிருதுவான தூரிகையாலும் துளி டர்பன்டைனாலும் ஒரு மணி நேரம் அந்தத் தூளை எடுத்தார்கள். பிறகு உயரம் அளந்தார்கள். காய்ந்து சுருங்கியோ தேய்ந்தோ, எழுத்து உயரத்துக்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகக் கட்டை தாழ்ந்திருந்தது. அப்போது அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன்.

“எவ்வளவும்மா எறங்கியிருக்கு?” என்றார் அப்பா.

சொன்னேன்.

“அப்ப அடியில பேப்பர் ஒட்டச் சொல்லும்மா. ஒரே தடிமனா ஒட்டக் கூடாது, எந்த மூலை எறங்கியிருக்குன்னு பாத்து அங்க ஒரு டிஷ்யூ ஜாஸ்தி வைக்கணும். மையைக் கம்மியா உருட்டச் சொல்லு, ஜாஸ்தி போட்டா கோடெல்லாம் அடைஞ்சுபோகும்.”

நான் ஆங்கிலத்தில் சொல்வதற்குள் அவர்கள் மூலையில் டிஷ்யூ வைத்துக்கொண்டிருந்தார்கள். இப்படிக் காகிதம் வைத்து அழுத்தத்தைச் சரிசெய்வதற்கு மேக்ரெடி என்று பெயர். கடைசியில் அப்பா அந்த வார்த்தையைச் சொன்னது அவர்களுக்கும் கேட்டது, அது இரண்டு பக்கமும் ஒரே வார்த்தை.

முதல் புரூஃப், அதாவது சோதனைத் தாள், கறுப்பாக அப்பிக்கொண்டு வந்தது, ஆலயம் முன்னால் வந்து நின்றது. இரண்டாவதில் மையைக் குறைத்தார்கள், நாயின் கால் காணோம். மூன்றாவது, நான்காவதுக்கு இடையில், அழுத்துகிற பக்கத்து மேல்தாளில் கோபுரம் இருக்கும் இடத்தில் மட்டும் மெல்லிய காகிதத்தைக் கோபுர வடிவத்தில் வெட்டி ஒட்டி அழுத்தம் ஏற்றினார்கள். ஐந்தாவது இழுப்பில் தாளை உரித்தபோது பட்டறையில் யாரும் பேசவில்லை. கோபுரம் முன்னால், மரம் கொஞ்சம் பின்னால், ஆலயம் பனிக்குள் மாதிரி தூரத்தில். ஒரே மை, ஒரே கட்டை, ஒரே இழுப்பு. கட்டையில் விரலுக்கு மட்டும் தெரிந்த அந்தத் தாழ்வு இப்போது கண்ணுக்குத் தெரிந்தது. முழு மார்க் போட்டது அந்த ஐந்தாவது தாளுக்காக. நான்கு வீணானாலும் பொறுமையாக நின்று ஐந்தாவதைக் கொண்டுவந்தார்கள், வீணான தாளுக்குக் காசும் கேட்கவில்லை.

இதன் பக்கத்தில் அந்த மறுபதிப்பை வைத்துப் பார்க்கிறேன். ஆர்டர் போட்டால் அடித்து அனுப்புகிற வகை, 24 பவுண்டு, மினுக்கும் அட்டையில் சம்பந்தமே இல்லாத ஒரு மலைப் படம். நூலகப் பிரதியை வெறும் கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்து அப்படியே போட்டிருக்கிறார்கள். அந்த முறையில் ஒரு புள்ளி கறுப்பா வெள்ளையா என்று மெஷின் முடிவு செய்துவிடும், நடுவில் எதுவும் கிடையாது. எழுத்து தப்பித்துவிடும். படத்தில் மெல்லிய வெள்ளைக் கோடெல்லாம் அடைத்துக்கொண்டு, மெல்லிய கறுப்புக் கோடெல்லாம் அறுந்துபோய், வானம் எறும்பு மொய்த்த மாதிரி இருக்கிறது. செதுக்கினவர் கஷ்டப்பட்டு எடுத்த வெளிச்சத்தைத்தான் அது முதலில் தின்கிறது. ஒரு பக்கத்தில் என்ன ஊர் என்றே தெரியவில்லை, கீழே பெயர் இருந்ததால் பிழைத்தது. படிக்க மட்டும் வேண்டுமென்றால் இன்டர்நெட் ஆர்கைவில் வண்ண ஸ்கேன் இலவசமாகப் பார்க்கலாம், அது எவ்வளவோ மேல். காசு கொடுத்து வாங்குவதானால் பழைய உதிரித் தொகுதியைத் தேடுங்கள். செட் உடைந்தது என்று சொல்லி 15, 20 பவுண்டுக்குத் தள்ளிவிடுவார்கள், படம் அசலாக இருக்கும், தாளைச் சாய்த்தால் பின்பக்கம் அச்சு அழுத்திய தடம்கூடத் தெரியும். நியூகாசிலில் இருப்பவர்களுக்குச் செலவே இல்லை, சிட்டி லைப்ரரியில் பீஸ் தொகுப்பு என்று பியூயிக் சம்பந்தப்பட்டவை ஒரு பெரிய சேகரிப்பே இருக்கிறது, முன்கூட்டிக் கேட்டுவிட்டுப் போங்கள்.

கட்டை வாங்க நினைப்பவர்களுக்கு. முகத்தைப் பார்த்து மயங்காமல் பின்பக்கத்தையும் விளிம்பையும் கேளுங்கள். விளிம்பில் வளையம் தெரிந்தால் குறுக்கு முகம், மரச்செதுக்கு. முகத்தில் செம்பு நிறத் தகடு தெரிந்து அடியில் வேறு மரம் இருந்தால் அது அசல் கட்டையைப் பிரதி எடுத்த எலெக்ட்ரோடைப். அதுவும் நல்ல பொருள்தான், ஆனால் கையால் வெட்டியது அல்ல, பாதி விலைக்கு மேல் கொடுக்காதீர்கள். விரிசல் இருக்கிறதா என்று விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், கோடு போகாத இடத்தில் வெளிச்சம் கசிந்தால் விரிசல். வீட்டில் ஹீட்டர் பக்கம் வைக்கவே கூடாது. பியூயிக் 1789இல் செதுக்கிய சில்லிங்ஹாம் என்ற இடத்துக் காளையின் படம் அவருடைய பெரிய வேலைகளில் ஒன்று, சில பிரதிகள் எடுத்த பிறகு வெயில் சூட்டில் கட்டை பிளந்துவிட்டது. அதே மனிதர் வேறொரு கட்டை 9 லட்சம் தடவைக்கு மேல் அச்சான பிறகும் வேலைக்கு ஆகிறது என்று தன் நினைவுக்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அழுத்தத்தை இந்த மரம் தாங்கும், சூட்டைத் தாங்காது.

பிறகு அலங்காரத்துக்குச் சுவரில் மாட்டுகிறேன் என்று முகத்தில் வார்னிஷ் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அடித்துவிட்டால் அப்புறம் அது அச்சடிக்காது.

என்னுடையது இப்போது துணி சுற்றி, வெளிச்சம் படாத அலமாரியில் இருக்கிறது. ஐந்தாவது தாளைக் கும்பகோணத்துக்கு அனுப்பினேன், போய்ச் சேர பதினொரு நாள் ஆனது. வந்ததும் அப்பா ஃபோன் செய்து படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, இடது கீழ் மூலையில் அழுத்தம் இன்னும் ஒரு டிஷ்யூ அளவு குறைவாக இருக்கிறது என்றார். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சரிதான். மீதித் தாள் அடிக்க அடுத்த மாதம் பட்டறைக்குப் போகும்போது அதைச் சொல்ல வேண்டும்.